கொலுப் பொம்மை புதுப்பித்தல்

கொலுப் பொம்மை புதுப்பித்தல் என்பது நவராத்திரிக் கொலுவில் வைக்கப்படும் பழைய பொம்மைகளைத் தூய்மை செய்து, உடைந்த உறுப்புகளைச் சீரமைத்து, மீண்டும் வண்ணந்தீட்டும் கைவினையும் பொழுதுபோக்கும் ஆகும். ஒரு பொம்மையின் கை, கருவி, உடை, பீடம் முதலியவற்றை மாற்றி அதனை வேறோர் உருவமாக்கும் உருமாற்றமும் இதனுள் அடங்கும். பொம்மைக் கலைஞர்கள் இதனைத் தொழிலாகச் செய்கின்றனர். புரட்டாசி மாதத்திற்கு முந்தைய வாரங்களில் பல குடும்பங்களில் இது வீட்டு வேலையாகவும் நடைபெறுகின்றது. மேலைநாடுகளில் போர் விளையாட்டுச் சிற்றுருவங்களுக்கு வண்ணந்தீட்டி உருமாற்றும் பொழுதுபோக்கிற்குத் தமிழ்நாட்டில் உள்ள மிக நெருங்கிய இணை இதுவே எனலாம்.

பொம்மை புதுப்பித்தலில் புதிய வண்ணம் பூசுவது ஒரு பகுதி மட்டுமே. பொம்மை எப்பொருளால் ஆனது, பழைய பூச்சு எத்தகையது, எதனை நீக்கலாம், எதனைத் தொடாமல் விட வேண்டும் என்பவற்றை முன்னரே அறிவதே இக்கலையின் அடிப்படையாகும். இவற்றை அறியாமல் ஆண்டுதோறும் பூசப்படும் பூச்சுகளால் பொம்மையின் நுண்வேலைப்பாடுகள் மறைந்துபோகின்றன.

பெயரும் எல்லையும்

கொலு என்னும் சொல் அரசன் அவையில் வீற்றிருக்கும் நிலையைக் குறிக்கும். கொலுமண்டபம், கொலுவீற்றிருத்தல் ஆகியன இச்சொல்லின் வழி வந்த வழக்குகளாகும். நவராத்திரியின் போது படிகளில் பொம்மைகளை அடுக்கி வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் கொலு என்றும், தெலுங்கு பேசும் பகுதிகளில் பொம்மல கொலுவு என்றும், கர்நாடகத்தில் கொம்பே ஹப்பா என்றும் அழைக்கப்படுகின்றது. இலங்கையிலும் மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளிலும் வாழும் தமிழரிடையேயும் இவ்வழக்கம் காணப்படுகின்றது.

புதுப்பித்தல் என்ற பெயரில் செய்யப்படும் பணிகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

1. தூய்மை செய்தல்: தூசு, எண்ணெய்ப் பிசுக்கு, சாம்பிராணிப் புகைக் கறை ஆகியவற்றை நீக்குதல்.
2. செப்பனிடல்: உடைந்த விரல், மூக்கு, கருவி, பீடம் ஆகியவற்றை ஒட்டுதல் அல்லது புதிதாக வனைதல்.
3. மறுபூச்சு: உதிர்ந்த இடங்களில் மட்டுமோ முழுவதுமாகவோ வண்ணந்தீட்டுதல்.
4. உருமாற்றம்: இருக்கும் பொம்மையை வேறு உருவமாகவோ வேறு காட்சியின் பகுதியாகவோ மாற்றுதல்.

பின்னணி

கொலுப்படிகள் வழக்கமாக 3, 5, 7, 9 என ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமைக்கப்படும். கீழ்ப்படிகளில் உயிரினங்களும் மக்கள் வாழ்வைக் காட்டும் உருவங்களும், மேற்படிகளில் அடியார்களும் தெய்வ வடிவங்களும் இடம்பெறுவது பொதுவான முறையாகும். கலசமும் மரப்பாச்சி இணையும் கொலுவில் தவறாது இடம்பெறும். மளிகைப் பொருட்களை முன்னே பரப்பி அமர்ந்திருக்கும் செட்டியார் இணையும் பல வீடுகளில் வைக்கப்படுகின்றது.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதிய பொம்மையேனும் வாங்க வேண்டும் என்பது பல குடும்பங்களின் வழக்கமாகும். இதனால் ஒரே கொலுவில் பாட்டி காலத்துப் பொம்மையும் அண்மையில் வாங்கிய பொம்மையும் அருகருகே நிற்கின்றன. இவை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு பொருள்களால், வெவ்வேறு வண்ண வகைகளைக் கொண்டு செய்யப்பட்டவை. விழா முடிந்ததும் பொம்மைகள் துணியிலோ தாளிலோ சுற்றப்பட்டுப் பெட்டிகளில் இடப்பட்டுப் பரணில் ஏறுகின்றன. ஆண்டின் பெரும்பகுதியைப் பரணின் வெப்பத்திலும் மழைக்காலத்தின் ஈரத்திலும் கழிக்கும் பொம்மைகளில் பூச்சு வெடிப்பதும் விரல்கள் முறிவதும் இயல்பாகும். புதுப்பிக்கும் தேவை இவ்வாறே எழுகின்றது.

பொம்மை செய்யப்படும் இடங்கள்

தமிழ்நாட்டில் பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரையை அடுத்த விளாச்சேரி ஆகியன பொம்மைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்களாகும். காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்ற பெயரிலேயே ஒரு தெரு உள்ளது. புதுச்சேரிப் பகுதியைச் சேர்ந்த வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினையும் புவிசார் குறியீடு பெற்றவையாகும். தஞ்சாவூரின் தலையாட்டி பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. சென்னையில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நவராத்திரிக்கு முன் கூடும் பொம்மைச் சந்தை புகழ்பெற்றது. 1973 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், தனது பூம்புகார் விற்பனை நிலையங்களில் கொலுப் பொம்மைக் கண்காட்சிகளை நடத்தி வருகின்றது.

2019 ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் இவ்வகையில் தனியாகக் குறிப்பிடத்தக்கது. மேற்கே கல்வராயன் மலையை எல்லையாகக் கொண்ட இம்மாவட்டத்தில் மரச்சிற்பத் தொழில் நடைபெறுகின்றது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் ஆகிய வட்டங்களில் சிற்பிகள் தெய்வ உருவங்களையும் கதவு, தேர் முதலியவற்றுக்கான வேலைப்பாடுகளையும் செதுக்குகின்றனர். நைனார்பாளையம் சின்னசேலம் வட்டத்தில் அமைந்த ஊராகும். இவ்வூர்ப் பகுதிக்குக் கிழக்கே பண்ருட்டியும் திருக்கனூரும் உள்ளன. எனவே மரத்தைச் செதுக்கும் மரபும், மண்ணையும் காகிதக்கூழையும் அச்சிலிட்டு வனையும் மரபும் அதிகத் தொலைவின்றி அமைந்த வட்டாரம் இது. செதுக்கும் மரபில் உருவம் உளியால் முடிவடைகின்றது. வனையும் மரபில் உருவத்தின் பாதி வேலை தூரிகையிடம் விடப்படுகின்றது. புதுப்பிக்கும் முறைகளில் காணப்படும் வேறுபாடுகளுக்கு இதுவே காரணமாகும்.

பொம்மைகளின் செய்பொருள்

பூச்சு உதிர்ந்த இடத்தையோ பொம்மையின் அடிப்பாகத்தையோ உற்றுநோக்கிச் செய்பொருளை அறியலாம்.

சுடுமண்: களிமண்ணை இருபாதி அச்சுகளில் அழுத்தி, இரண்டையும் மண்குழம்பால் இணைத்து, நிழலில் உலர்த்திச் சூளையில் சுட்டு எடுப்பர். உதிர்ந்த இடம் செந்நிறமாகக் காணப்படும். விரலால் தட்டினால் கணீரென்ற ஒலி எழும். எடை மிகுதி. சுடுமண் நீரை உறிஞ்சும் இயல்புடையது. ஈரத்தில் இருந்த பொம்மையில் உப்புப் பூத்துப் பூச்சினை வெளித்தள்ளுவதுண்டு.

காகிதக்கூழ்: ஊறவைத்து இடித்த காகிதத்துடன் பசையும் சுண்ணத்தூள் அல்லது களிமண்ணும் சேர்த்து அச்சில் அழுத்திச் செய்யப்படுவது. எடை குறைவு. உதிர்ந்த இடத்தில் சாம்பல் அல்லது பழுப்பு நிற நார்கள் தெரியும். பசையைப் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கமாகும். நீர்பட்டால் கூழ் உப்பிவிடும் என்பதால் இவ்வகைப் பொம்மைகளைக் கழுவுதல் கூடாது.

பாரிஸ் சாந்து: ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சுமார் 150 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டுப் பெறப்படும் வெண்பொடி. இதனை நீரில் கலந்து அச்சில் ஊற்றினால் சில நிமிடங்களில் இறுகி மீண்டும் ஜிப்சமாகின்றது. உதிர்ந்த இடம் வெள்ளை மாவாகக் காணப்படும். விரைவாகவும் மலிவாகவும் செய்ய இயல்வதால் சந்தையில் பரவலாகியது. விளிம்புகள் எளிதில் உடைவது இதன் குறையாகும்.

மரம்: மரப்பாச்சி மரபாகச் செம்மரத்தில் செய்யப்படுவது. ஆந்திராவின் கொண்டபள்ளிப் பொம்மைகள் தெல்ல பொனிக்கி என்னும் மென்மரத்தாலும், கர்நாடகத்தின் சென்னப்பட்டணப் பொம்மைகள் பாலை வகை மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றியும் செய்யப்படுகின்றன. மரப்பாச்சிக்கு வண்ணம் பூசுவது மரபன்று. அதன் நிறமே அதன் அழகாகக் கருதப்படுகின்றது. உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வைப்பதே போதுமானது. செம்மரம் நீரில் ஊறினால் சாயம் இறங்கும்.

புதுப்பிக்கும் முறை

ஆய்வு

வேலையைத் தொடங்கும் முன் பொம்மையை நாற்புறமும் ஒளிப்படம் எடுத்துக்கொள்வது நல்லது. புடவைக் கரையின் கோலம், நெற்றிக்குறியின் வடிவம், நகைகளின் வரிசை ஆகியன பின்னர் நினைவுக்கு வாரா. அடுத்து, பீடத்தின் அடியில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தை ஈரப் பஞ்சால் மெல்லத் தேய்த்துப் பார்க்க வேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால் அது பசை கலந்த நீர்வண்ணமாகும். அத்தகைய பொம்மையை ஈரத்துணியால் துடைத்தாலும் முகம் அழிந்துவிடக்கூடும். நிறம் ஏறாமல் பளபளப்புடன் இருந்தால் அது பெரும்பாலும் எனாமல் வண்ணமாக இருக்கும்.

தூய்மையும் செப்பனிடலும்

மென்மையான உலர்தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசு தட்டுவது முதற்படியாகும். எனாமல் பூச்சுடைய சுடுமண் பொம்மையை மட்டும் பிழிந்த ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தலாம். எழும்பி நிற்கும் பழைய செதில்களைப் பிய்த்தெடுக்காமல், நீர் கலந்த வெள்ளைப் பசையை நுண்தூரிகையால் செதிலின் அடியில் செலுத்தி மெல்ல அழுத்தி ஒட்டுவது சிறந்தது.

முறிந்த துண்டு கிடைத்தால் அதனையே ஒட்டலாம். துண்டு தொலைந்துவிட்டால், இருகூறு சேர்த்துப் பிசையும் எப்பாக்சிக் களிம்பினால் அவ்வுறுப்பை வனைவர். எம்-சீல் என்ற வணிகப் பெயரால் பலரும் அறிந்த பொருள் இவ்வகையைச் சார்ந்ததாகும். கை, தண்டாயுதம் முதலிய நீண்ட உறுப்புகளுக்கு உள்ளே மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி, அதன்மேல் களிம்பு அப்புவது வழக்கம். இல்லையெனில் ஒட்டிய இடத்திலேயே மறுபடியும் முறியும். காகிதக்கூழ்ப் பொம்மையின் பள்ளங்களை அதே கூழால் நிரப்புவது சிறந்தது. அடுத்தடுத்த பொருள்கள் ஒரே அளவில் சுருங்கி விரிந்தால்தான் விரிசல் தோன்றாது.

அடிப்பூச்சு

சுண்ணக்கட்டித் தூளையும் பசையையும் குழைத்துப் பூசும் வெள்ளை அடிப்பூச்சு பொம்மைத் தொழிலின் பழைய முறையாகும். புளியங்கொட்டைப் பசையும் வச்சிரப் பசையும் இதற்குப் பயன்பட்டன. வெள்ளை அடிப்பூச்சு நுண்துளைகளை அடைத்து, மேலே வரும் நிறம் உறிஞ்சப்படாமல் காக்கின்றது. மஞ்சள், இளஞ்சிவப்பு முதலிய மென்னிறங்கள் வெள்ளையின் மேல்தான் ஒளிவிடும்.

பளபளப்பான பழைய எனாமலின் மேல் நீர்சார் அக்ரிலிக் வண்ணத்தை நேரடியாகப் பூசினால் அது பிடிக்காது. சில மாதங்களில் தோல் போல உரிந்துவரும். முதலில் பளபளப்பை மங்கச் செய்து, ஏற்ற அடிப்பூச்சைத் தடவிய பின்னரே பூச வேண்டும்.

நிற வரிசை

பெரிய பரப்பிலிருந்து சிறிய பரப்பிற்கும், உள்ளிருந்து வெளியேயும் செல்வது பொது விதி. உடல்நிறம், உடை, உடையின் கரை, தலைமுடி, நகை, நெற்றிக்குறி, கண் என்ற வரிசை பெரும்பாலும் பின்பற்றப்படுகின்றது. தடித்த ஒரு பூச்சினும் மெல்லிய இரு பூச்சுகள் சிறந்தவை. பட்டறைகளில் உடல்நிறத்தைக் காற்றழுத்தத் தெளிப்பானால் ஏற்றுவர். வீட்டில் செய்வோர் அகன்ற மென்தூரிகையையே பயன்படுத்துகின்றனர்.

தெய்வ உருவங்களுக்கு நிற மரபு உண்டு. திருமால், இராமன், கண்ணன் ஆகியோர் நீலமாகவோ பச்சை கலந்த நீலமாகவோ தீட்டப்படுவர். மீனாட்சிக்குப் பச்சை உடல்நிறமும் கலைமகளுக்கு வெண்ணிற ஆடையும் உரியன. நிறத்தைத் தம் விருப்பப்படி மாற்றினால் பொம்மையின் அடையாளமே மாறிவிடும்.

முகமும் கண்ணும்

பொம்மையின் உயிர்ப்பு முகத்தைப் பொறுத்தது. கண்வெண்மை, கருவிழி, மேலிமைக் கோடு, புருவம் என்ற ஒழுங்கில் இரு கண்களையும் மாறிமாறி வளர்த்துச் செல்வர். ஒரு கண்ணை முழுதும் முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கினால் பார்வை ஒருங்கே அமைவது கடினம். கருவிழியை மேலிமை சிறிது தொடுமாறு வரைவதால் அமைதியான பார்வை கிடைக்கும். விழி முழுவட்டமாகத் தெரிந்தால் முகம் திடுக்கிட்டது போலத் தோன்றும். அசுர உருவங்களுக்கு வேண்டுமென்றே அவ்வாறு வரைவதுண்டு.

கோயிற் சிற்ப மரபில் கண் திறத்தல் இறுதிச் செயலாகும். பொம்மைக் கலைஞர்களும் கண்ணைக் கடைசியிலேயே வரைகின்றனர். முகத்தின் பழைய பூச்சு நன்றாக இருப்பின் அதனைத் தொடாமல் விட்டு, உடையையும் பீடத்தையும் மட்டும் புதுப்பிப்பது அறிவுடைய செயலாகும். ஒரே அச்சில் வந்த இரு பொம்மைகளை வேறுபடுத்துவது முகம் தீட்டிய கையே ஆதலின், முகத்தின் மேல் பூசினால் அப்பொம்மையைச் செய்த கலைஞரின் தனித்தன்மை அழிந்துவிடும்.

உருமாற்றம்

அச்சு செய்வதற்குச் செலவு மிகுதி என்பதால், ஓர் உடலுருவைக் கொண்டு பல உருவங்களை ஆக்குவது பொம்மைத் தொழிலில் உள்ள உத்தியாகும். நின்ற பெண்ணுருவின் கையில் கிளியை வைத்து மீனாட்சி ஆக்கலாம். இடக்கையில் கிளியும் தலையில் சாய்ந்த கொண்டையும் அமைந்தால் அதுவே ஆண்டாள் ஆகும். இரு தாமரைகளும் மேலும் இரு கைகளும் சேர்த்தால் திருமகள் ஆகும். வீட்டில் உருமாற்றம் செய்வோரும் இம்முறையையே பின்பற்றுகின்றனர்.

இதற்கு உருவ இலக்கணம் பற்றிய அறிவு தேவை. பத்து அவதாரத் தொகுதியில் பரசுராமனைக் கோடரியும், இராமனை வில்லும், பலராமனைக் கலப்பையும் அடையாளம் காட்டுகின்றன. கலப்பை முறிந்து தொலைந்த பலராமன் பெயரற்ற ஓர் உருவமாகிவிடுகின்றான். எனவே ஓர் உருவத்தின் கருவியை மீண்டும் செய்து கொடுப்பது அதன் பெயரை மீட்பதற்கு ஒப்பாகும். தொகுதியில் ஒன்று உடைந்தால் வணிகர்கள் தனியாக அந்த ஒன்றை விற்பது அரிது. வணிக வழக்கில் ‘செட்’ எனப்படும் முழுத்தொகுதியையே வாங்க வேண்டியிருக்கும். இதனாலும் பலர் உருமாற்றத்தை நாடுகின்றனர்.

பொதுவாகச் செய்யப்படும் உருமாற்றங்கள் சில:

- மரப்பாச்சி அலங்காரம்: மரப்பாச்சிக்குப் பட்டுத்துணி, சரிகை, மணி, முத்து ஆகியவற்றால் உடையும் நகையும் அமைத்தல். உடைக்கேற்ப அதே இணை மணமக்களாகவும் அரசன் அரசியாகவும் மாறும். மரம் மாற்றப்படுவதில்லை என்பதால் இது மீளக்கூடிய உருமாற்றமாகும்.
- காட்சி அமைத்தல்: பூங்கா, சந்தை, தேரோட்டம், கிரிவலம், திருமண ஊர்வலம், மட்டைப்பந்து ஆட்டம் முதலிய காட்சிகளுக்காகத் தனிப் பொம்மைகளின் பீடத்தையும் கைப்பொருளையும் மாற்றுதல்.
- தொகுதி நிரப்புதல்: இசைக்குழு, பத்து அவதாரம் முதலியவற்றில் உடைந்த உருவத்திற்கு ஈடாக வேறு பொம்மையை மாற்றி வைத்தல்.

காட்சி அமைப்பதில் அளவுப் பொருத்தம் முதன்மையான சிக்கலாகும். ஆறு அங்குலப் பொம்மைகளின் ஊர்வலத்தில் ஓர் அடி உயரப் பொம்மையை நிறுத்தினால் காட்சி குலைகின்றது. உயரமானதைப் பின்வரிசையில் உயர்ந்த மேடையில் தெய்வ உருவாக வைப்பதோ, சிறியதைத் தொலைவில் உள்ளதாகத் தோன்றுமாறு வைப்பதோ இதற்குத் தீர்வாகும்.

பிற நாட்டு ஒத்த மரபுகள்

போர் விளையாட்டுச் சிற்றுருவங்கள்: மேசைமேல் சிறு வீரர் உருவங்களை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு ஐரோப்பாவில் வளர்ந்ததாகும். 1893 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வீரர் உருவங்களை வார்க்கும் முறையைக் கொணர்ந்தது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913 இல் வெளியிட்ட லிட்டில் வார்ஸ் என்னும் நூல் இத்தகைய உருவங்களைக் கொண்டு ஆடுவதற்கான விதிகளை வகுத்தது. 1975 இல் தொடங்கப்பட்ட கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனத்தின் வார்ஹாமர் விளையாட்டு 1983 இல் வெளியானது. அந்நிறுவனம் 1987 முதல் கோல்டன் டெமான் என்ற வண்ணந்தீட்டும் போட்டியை நடத்தியது. இவ்வுருவங்கள் பெரும்பாலும் சுமார் 28 மில்லிமீட்டர் உயரமுடையவை. வாங்குவோர் அவற்றைத் தாமே ஒட்டி, அடிப்பூச்சிட்டு, வண்ணந்தீட்டுகின்றனர். ஓர் உருவத்தின் தலையை மற்றோர் உடலில் பொருத்துவதும், எப்பாக்சிக் களிம்பால் புதிய உடை வனைவதும் அங்கு உருமாற்றம் எனப்படுகின்றன.

அப்பொழுதுபோக்கின் இரு உத்திகள் கொலுப் பொம்மைக்கும் பயன்படும். ஒன்று, நீர்த்த கருநிறத்தைப் பூசி மடிப்புகளில் தேங்கவிட்டு நிழல் உண்டாக்குதல். மற்றொன்று, ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தொட்டு ஒளி உண்டாக்குதல். இரு மரபுகளுக்கும் இடையே வேறுபாடும் உண்டு. சிற்றுருவம் தீட்டுவோருள் பலர், பிழை நேர்ந்தால் சுற்றிலும் திருத்த வசதியாகக் கண்ணை முதலில் தீட்டுகின்றனர். பொம்மைக் கலைஞர் கண்ணை இறுதியில் திறக்கின்றனர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களும் இவ்விளையாட்டுகளுக்குப் பொருளாகியுள்ளன. 1760 ஆம் ஆண்டு நடைபெற்ற வந்தவாசிப் போர் இவற்றுள் புகழ்பெற்றது. அப்போர்க்காலத்தில் முக்கியத்துவம் பெற்றிருந்த தியாகதுருகம் கோட்டை இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. இலங்கையில் உள்ள சில பட்டறைகள் வெளிநாட்டு ஆர்வலர்களின் சிற்றுருவங்களுக்குக் கூலிக்கு வண்ணந்தீட்டி அனுப்பும் தொழிலைச் செய்து வருகின்றன.

விழாக்காலப் பொம்மைகள்: சப்பானில் மார்ச் 3 ஆம் நாள் கொண்டாடப்படும் இனா மட்சுரி விழாவில் செந்துணி விரித்த படிகளில் அரசன், அரசி, அவையோர் பொம்மைகள் வைக்கப்படுகின்றன. முழுமையான அமைப்பில் ஏழு படிகள் இருக்கும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இயேசு பிறப்புக் குடிலுடன் சந்தை, உணவகம் முதலிய அன்றாடக் காட்சிகளையும் சிற்றுருவங்களால் அமைக்கும் மரபு உள்ளது. மக்கள் வாழ்வையும் தெய்வ வடிவங்களையும் ஒரே காட்சியில் அமைப்பதில் இது கொலுவை ஒத்தது.

மறுபூச்சு பற்றிய கருத்து வேறுபாடு

பழைய பொம்மைக்கு முழுவதுமாக மறுபூச்சு செய்யலாமா என்பது ஆர்வலரிடையே தொடர்ந்து விவாதிக்கப்படும் கேள்வியாகும்.

மறுபூச்சினை ஆதரிப்போர் தமிழ்நாட்டுக் கோயில் மரபைச் சான்று காட்டுகின்றனர். கோபுரத்துச் சுதை உருவங்கள், பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் குடமுழுக்கின் போது செப்பனிடப்பட்டு வண்ணம் பூசப்படுகின்றன. ஊர்ப்புற ஐயனார் கோயில்களின் உருவங்களும் குதிரைகளும் விழாவை ஒட்டி வண்ணம் பெறுகின்றன. இம்மரபில் வண்ணம் என்பது ஆடை போன்றது. அது பழுதடைவதும் புதுப்பிக்கப்படுவதும் இயல்பானவை. நிறம் உதிர்ந்த பொம்மையைக் கொலுவில் வைக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் அதனைக் கைவிடவும் கூடும். மறுபூச்சு அப்பொம்மையைப் பயன்பாட்டில் வைத்திருக்கின்றது.

மறுப்போர் அருங்காட்சியக முறையைச் சுட்டுகின்றனர். பழைய பூச்சு என்பது அக்காலத்து நிறப்பொருள், உடைக்கோலம், நகை வகை ஆகியவற்றின் ஆவணமாகும். அதன்மேல் எனாமல் பூசினால் அதனை மீட்க இயலாது. மேலும், நீக்காமல் பூசப்படும் ஒவ்வொரு பூச்சும் விரலிடைகளையும் மாலையின் மணிகளையும் உதட்டுக் கோட்டையும் சிறிது சிறிதாக நிரப்பிவிடுகின்றது. பலமுறை பூசப்பட்ட பொம்மையில் மாலை ஒரு தடித்த பட்டையாகவும், விரல்கள் ஒரே கட்டியாகவும் தோன்றுவதைக் காணலாம்.

நடைமுறையில் இரண்டுக்கும் இடைப்பட்ட வழியே பெரிதும் ஏற்கத்தக்கதாக உள்ளது. அண்மைக்கால அச்சுப் பொம்மைக்கு முழு மறுபூச்சு செய்வதால் இழப்பு இல்லை. தலைமுறைகள் கடந்த பொம்மைக்கு, உதிர்ந்த இடங்களை மட்டும் சூழ்ந்த நிறத்திற்கு ஒப்ப நிரப்பி, எஞ்சியதை அவ்வாறே விடுதல் நலம். பின்னாளில் நீரால் நீக்கக்கூடிய வண்ணத்தைப் பயன்படுத்தினால், பிழை செய்தாலும் அடுத்த தலைமுறை திருத்த இயலும். செய்தவரோ கொடுத்தவரோ பீடத்தின் அடியில் எழுதிய ஆண்டு, பெயர் முதலியவற்றின் மேல் எக்காரணம் கொண்டும் பூசுதல் கூடாது.

பாதுகாப்பும் சுற்றுச்சூழலும்

பழைய வண்ணங்களில் ஈயச் சேர்மங்கள் இருக்கக்கூடும். சிவப்பு, மஞ்சள், வெள்ளை நிறங்களில் இவை பரவலாகப் பயன்பட்டன. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை மில்லியனில் 90 பகுதிகளுக்கு மிகாமல் கட்டுப்படுத்தும் விதிகள் இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முற்பட்ட பொம்மையை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூசு பரவக்கூடும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. எனவே பழைய பூச்சைத் தேய்க்கும் வேலையில் குழந்தைகளை ஈடுபடுத்துதல் கூடாது. தேய்த்தே ஆகவேண்டுமெனில் மேற்பரப்பைச் சிறிதே ஈரமாக்கித் தேய்த்து, தூசினை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக் கட்டி அகற்ற வேண்டும். மயில்துத்தமும் நச்சுத்தன்மை உடையது. எனாமலைக் கரைக்கும் தின்னர் ஆவி தீப்பற்றும் இயல்புடையது என்பதால் விளக்கோ அடுப்போ உள்ள இடத்தில் பயன்படுத்தக் கூடாது. குழந்தைகள் பங்குபெற ஏற்றவை நீர்சார் வண்ணங்களும் மரப்பாச்சி அலங்காரமும் காட்சி அமைத்தலும் ஆகும்.

பாரிஸ் சாந்து நீரில் விரைவில் கரைவதில்லை. நீர்நிலைகளில் கரைக்கப்படும் சிலைகள் தொடர்பாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010 இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2020 இல் திருத்தப்பட்ட நெறிகள் அத்தகைய சிலைகளுக்குப் பாரிஸ் சாந்தினைத் தவிர்க்கக் கூறின. கொலுப் பொம்மைகள் கரைக்கப்படுபவை அல்ல. எனினும் உடைந்த பொம்மையை வீட்டில் வைக்கலாகாது என்ற நம்பிக்கையால் அவற்றை ஆற்றிலோ குளத்திலோ இடும் வழக்கம் உள்ளது. செப்பனிட இயலும் பொம்மையைச் செப்பனிட்டுப் பயன்படுத்துவது நீர்நிலைகளுக்கும் நன்மை தருவதாகும்.

சேமிப்பு

புதுப்பித்த பொம்மை நீடித்திருப்பது சேமிக்கும் முறையைப் பொறுத்தது. வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலையை அடைந்த பின்னும் சில நாட்கள் காற்றில் வைத்திருந்து பின்னரே சுற்ற வேண்டும். செய்தித்தாளில் நேரடியாகச் சுற்றினால் அச்சு மை பொம்மையில் ஒட்டக்கூடும். முதலில் வெள்ளைப் பருத்தித் துணியும் அதன்மேல் தாளும் சுற்றுவது நல்லது. நீட்டிய கைகளுக்கும் கருவிகளுக்கும் தனியே பஞ்சு வைக்க வேண்டும். சுடுமண் பொம்மைகளைக் கீழும் காகிதக்கூழ்ப் பொம்மைகளை மேலும் அடுக்குதல் வேண்டும். தொகுதிப் பொம்மைகளின் பட்டியலைப் பெட்டியின் மேல் ஒட்டி வைத்தால், கழன்று விழுந்த கருவி எந்த உருவத்துக்கு உரியது என்பதை அடுத்த ஆண்டு எளிதில் அறியலாம்.

இவற்றையும் பார்க்க

- நவராத்திரி கொலு
- மரப்பாச்சி
- தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை
- கொண்டபள்ளிப் பொம்மை
- கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்
- சுடுமண் சிற்பம்
- போர் விளையாட்டு